அத்தியாயம் 5: கூரையில் சைக்கிள், காற்றில் பெட்ரோல்

சில வருடங்களுக்கு முன், ஹேட்ச்பேக் காரின் கூரையில் இரண்டு மலைச் சைக்கிள்களை நிமிர்த்திக் கட்டிக்கொண்டு சென்னையிலிருந்து ஊட்டிக்குப் புறப்பட்டேன். நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 19 கிலோமீட்டர் தரும் வண்டி அது. மேட்டுப்பாளையத்தில் டேங்கை நிரப்பிக் கணக்குப் பார்த்தால் 14 தான் வந்தது. மலையே இன்னும் ஆரம்பிக்கவில்லை! "சைக்கிள் வெயிட்டு சார், அதான் இழுக்குது" என்றார் பங்கில் பெட்ரோல் போட்ட தம்பி. நானும் தலையாட்டினேன். இரண்டு பேருமே தப்பாகச் சொன்னோம் என்பது வீட்டுக்கு வந்து ஒரு தாளில் கணக்குப் போட்ட பிறகுதான் தெரிந்தது.

அந்தக் கணக்கை மட்டும் முதலில் பார்த்துவிடலாம். இந்த அத்தியாயத்தில் உள்ள பௌதிகம் அவ்வளவுதான்.

எடையா, காற்றா?

இரண்டு சைக்கிளும் கேரியரும் சேர்ந்து 40 கிலோ என்று வையுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை ஏறும் உயரம் சுமார் 1,900 மீட்டர். 40 கிலோவை அவ்வளவு உயரம் தூக்க ஆகும் பெட்ரோல், எஞ்சின் வீணாக்கும் வெப்பத்தையும் சேர்த்து, ஏறக்குறைய 80 மில்லி. டீக்கடைக் கிளாஸ் ஒன்றுகூட நிறையாது. ஆட்களோடு 1,300 கிலோ இருக்கும் கார் தன்னைத் தானே தூக்கிக்கொள்ள அதே ஏற்றத்தில் இரண்டரை லிட்டருக்கு மேல் குடிக்கிறது. அதற்கு முன் சைக்கிளின் பங்கு தூசு.

இனி காற்று. நிமிர்ந்து நிற்கும் இரண்டு சைக்கிள்கள் காற்றை மறிப்பதால் 100 கிலோமீட்டர் தூரத்துக்குக் கூடுதலாகச் செலவாகும் பெட்ரோலை நான் போட்ட கணக்கு இது. உங்கள் வண்டியில் சற்று முன்பின் இருக்கலாம்.

- மணிக்கு 60 கி.மீ. வேகத்தில்: அரை லிட்டருக்கும் குறைவு
- 80 கி.மீ. வேகத்தில்: சுமார் முக்கால் லிட்டர்
- 100 கி.மீ. வேகத்தில்: ஒன்றேகால் லிட்டர் வரை

வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். சென்னையிலிருந்து மேட்டுப்பாளையம் வரை 500 கிலோமீட்டருக்கு மேல் சமவெளி. அதை 100-இல் ஓட்டினால் சைக்கிளுக்காக மட்டும் ஆறு லிட்டர். திரும்பி வர இன்னொரு ஆறு. லிட்டர் நூறு ரூபாய் என்றால் 1,200 ரூபாய். நான் அன்று 110-இல் வேறு போனேன்.

அமெரிக்க எரிசக்தித் துறை வாகன ஓட்டிகளுக்குத் தரும் கணக்கும் இதோடு ஒத்துப்போகிறது. 45 கிலோ கூடுதல் எடையால் மைலேஜ் குறைவது சுமார் 1 சதவீதம். கூரையில் ஒரு பெரிய பெட்டியை வைத்து மணிக்கு 105 முதல் 120 கி.மீ. வேகத்தில் போனால் குறைவது 10 முதல் 25 சதவீதம். அதே பெட்டியைக் காரின் பின்னால் பொருத்தினால் நெடுஞ்சாலையில் 1 முதல் 5 சதவீதம்தான்.

ஆகவே இந்த அத்தியாயத்தில் வரும் யோசனைகள் எல்லாம் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேரும்: சைக்கிளைக் காற்றின் கண்ணில் படாமல் வையுங்கள். சைக்கிளின் எடையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கார்பன் ஃபிரேம் வாங்கினால் கார் மைலேஜ் கூடும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

முதல் வேலை: உங்கள் வண்டியின் உண்மையான மைலேஜ்

சைக்கிள் இல்லாமல் வண்டி எவ்வளவு தருகிறது என்று தெரியாமல், சைக்கிளால் எவ்வளவு போயிற்று என்று சொல்ல முடியாது. ஷோரூமில் சொன்ன ஏ.ஆர்.ஏ.ஐ. எண்ணை மறந்துவிடுங்கள். அது ஆய்வுக்கூடத்தில் உருளைகள்மேல் ஓட்டி எடுத்த எண். டாஷ்போர்டில் தெரியும் எண்ணும் பல வண்டிகளில் கொஞ்சம் தாராளமாகவே காட்டும். டேங்குக்கு டேங்க் கணக்குதான் நம்பகமானது.

1. பயணத்துக்கு ஒரு வாரம் முன், சைக்கிளும் கேரியரும் இல்லாமல், பங்கில் ஆட்டோ கட் ஆகும் வரை நிரப்புங்கள். அதற்கு மேல் ரவுண்டாக்கச் சொல்லாதீர்கள்.
2. ட்ரிப் மீட்டரைப் பூஜ்ஜியம் ஆக்குங்கள்.
3. குறைந்தது 150 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓட்டுங்கள். ஊருக்குள் ஓட்டிய மைலேஜை இதனுடன் ஒப்பிட முடியாது.
4. முடிந்தால் அதே பங்கில், அதே பம்பில், மறுபடியும் ஆட்டோ கட் வரை நிரப்புங்கள்.
5. ஓடிய கிலோமீட்டரை இரண்டாம் முறை போட்ட லிட்டரால் வகுங்கள்.
6. தேதி, வேகம், எத்தனை பேர், ஏ.சி. ஓடியதா என்பதையும் சேர்த்துக் குறித்து வையுங்கள்.

சைக்கிளோடு போகும்போதும் இதையே செய்யுங்கள். ஒரு எச்சரிக்கை: மலையடிவாரத்தில் ஒருமுறை, திரும்பி அடிவாரத்துக்கு வந்ததும் ஒருமுறை நிரப்புங்கள். சமவெளிக் கணக்கும் மலைக் கணக்கும் கலந்தால் எதுவும் புரியாது. ஏறிய பாதியை மட்டும் அளந்துவிட்டு வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோனவர்கள் உண்டு.

எங்கே வைப்பது?

என் வரிசை: முதலில் உள்ளே, முடியாவிட்டால் பின்னால், வேறு வழியே இல்லையென்றால் மேலே.

உள்ளே வைத்தால்

பெட்ரோல் இழப்பு ஏறக்குறைய பூஜ்ஜியம். மழை படாது, திருட்டுப் பயமும் இல்லை. நம்ப மாட்டீர்கள், சின்ன ஹேட்ச்பேக்கிலும் ஒரு மலைச் சைக்கிள் அடங்கும். பின் சீட் 60:40 ஆக மடியும் வண்டியென்றால் மடிக்காத பக்கத்தில் ஒருவர் உட்காரவும் செய்யலாம். எர்டிகா போன்ற மூன்று வரிசை வண்டியில் மூன்றாம் வரிசையையும் இரண்டாம் வரிசையில் ஒரு பகுதியையும் மடித்தால் இரண்டு சைக்கிள் போகும். சி.என்.ஜி. சிலிண்டர் டிக்கியை அடைத்திருந்தால் இந்த வழி பெரும்பாலும் சரிப்படாது.

1. சைக்கிளைக் கழுவித் துடைத்து உலரவிடுங்கள். வீட்டில் சண்டை வருவது செயின் கிரீஸால்தான். பழைய வேட்டி ஒன்றைச் செயினைச் சுற்றிக் கட்டுங்கள்.
2. பின் கியரைச் சிறிய பல்சக்கரத்துக்கு மாற்றுங்கள். சக்கரத்தைக் கழற்றவும் மாட்டவும் அப்போதுதான் எளிது.
3. சீட்டைக் கீழே இறக்குங்கள். இறங்கிய பிறகும் இடித்தால் சீட் போஸ்ட்டோடு எடுத்துவிடுங்கள். எடுப்பதற்கு முன் உயரத்தை டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள்.
4. முன் சக்கரத்தைக் கழற்றுங்கள். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் என்றால், கழற்றிய உடனே பிரேக் பேடுகளுக்கு இடையே பிளாஸ்டிக் துண்டைச் செருகுங்கள். மடித்த அட்டையும் போதும். சக்கரம் இல்லாதபோது யாராவது பிரேக் லீவரை அழுத்தினால் பேடுகள் ஒட்டிக்கொள்ளும். பின் சீட்டில் குழந்தை இருந்தால் அழுத்தாமல் இருக்காது.
5. பெடல்களைக் கழற்றுங்கள். வலது பெடல் எல்லா மரையையும் போல இடப்பக்கம் சுழற்றினால் கழலும். இடது பெடலின் மரை தலைகீழ். அது வலப்பக்கம் சுழற்றினால்தான் கழலும். இது தெரியாமல் ஸ்பேனரில் ஏறி நின்று மிதித்து மரையை அழித்தவர்கள் நிறைய.
6. ஹேண்டில்பார் அகலம் இடித்தால் ஸ்டெம் போல்ட்டுகளை ஆலன் கீயால் தளர்த்தி, ஃபிரேமுக்கு இணையாகத் திருப்புங்கள். இறங்கியதும் நேராக்கி இறுக்கி, முன் சக்கரத்தைக் கால்களுக்கு இடையே பிடித்துக்கொண்டு ஹேண்டிலை முறுக்கிப் பார்க்காமல் ஓட்டக்கூடாது.
7. டிக்கியில் தடித்த போர்வை விரித்து, கியர் இருக்கும் வலப்பக்கம் மேலே வரும்படி சைக்கிளைக் கிடத்துங்கள். அப்போது பின் சக்கரத்தின் டிஸ்க் அடியில் வரும். அது அழுந்தாதபடி அச்சுக்கு அடியில் இன்னொரு மடிப்பு வையுங்கள்.
8. இரண்டாவது சைக்கிளை, நடுவே போர்வை போட்டு, தலைமாற்றி வையுங்கள். கழற்றிய சக்கரங்களைப் பையில் போட்டு ஓரத்தில் நிறுத்துங்கள்.
9. சைக்கிளை முன் சீட்டுக்குப் பின்னால் உள்ள கொக்கியிலோ, சீட் பெல்ட் நங்கூரத்திலோ பெல்ட்டால் கட்டுங்கள்.

எச்சரிக்கை: ஒன்பதாவது படியைத் தயவுசெய்து விடாதீர்கள். 80 கி.மீ. வேகத்தில் திடீர் பிரேக் போட்டால், கட்டாத 15 கிலோ இரும்பு உங்கள் பின்னந்தலையை நோக்கிப் பாய்ந்து வரும். சாதாரண ஷாப்பிங் பைக் கயிறு போதாது. கொக்கிப் பிடியும் இறுக்கும் பூட்டும் உள்ள நைலான் பட்டை வாங்குங்கள்.

குறிப்பு: மூன்று வரிசை வண்டி உள்ளவர்கள், ஒரு நீளப் பலகையில் ஃபோர்க்கைப் பிடிக்கும் இரண்டு கிளாம்புகளைத் திருகி, பலகையைத் தரையோடு கட்டிவிடலாம். முன் சக்கரம் இல்லாமல் சைக்கிள்கள் நிமிர்ந்தே நிற்கும், ஒன்றையொன்று உரசாது. கூரை உயரத்தை முதலில் அளந்துகொள்ளுங்கள். கிளாம்பு வாங்கும்போது உங்கள் சைக்கிளின் அச்சு குயிக் ரிலீஸா, த்ரூ ஆக்சிலா என்று பார்த்து வாங்க வேண்டும். இரண்டும் வேறு வேறு. தச்சரிடம் ஒரு மணி நேர வேலை.

இந்த வழியில் ஒரே ஒரு பொறி உண்டு. சைக்கிள் உள்ளே வந்ததும் சூட்கேஸ்களுக்கு இடம் இருக்காது. "மேலே கட்டிக்கலாம்" என்று யாராவது சொல்வார்கள். காற்றுக்குச் சூட்கேஸும் ஒன்றுதான், சைக்கிளும் ஒன்றுதான். மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கே போய்விடும். துணியைச் சூட்கேஸில் போடாமல் மெத்தென்ற பைகளில் அடைத்து, சைக்கிள் இடுக்குகளில் செருகுங்கள். அவை சைக்கிள் ஆடாமலும் தாங்கும்.

பின்னால் தொங்கவிட்டால்

குடும்பத்தில் நான்கு பேரும் வருகிறார்கள் என்றால் இதுதான் வழி. டிக்கிக் கதவில் பட்டைகளால் கட்டும் கேரியர்கள் நம் ஊரில் எளிதாகக் கிடைக்கின்றன. ஸ்டெப்னியைப் பின் கதவில் வெளியே மாட்டிய வண்டிகளுக்கு, அந்தச் சக்கரத்தோடு பொருந்தும் கேரியரும் உண்டு. பின்னால் இருக்கும் சைக்கிள் பெரும்பாலும் காரின் உடல் மறைவில் நிற்பதால் காற்று அதை நேராக அடிப்பதில்லை. ஆனால் இருபுறமும் துருத்தும் பகுதியை அடிக்கும்.

துருத்தல் எவ்வளவு என்று பாருங்கள். வேகன்-ஆரின் அகலம் 1,620 மில்லிமீட்டர். முழு மலைச் சைக்கிளின் நீளம் 1.8 மீட்டருக்கு மேல். அப்படியே குறுக்கே மாட்டினால் இருபுறமும் ஒன்பது சென்டிமீட்டருக்குக் குறையாமல் வெளியே நீட்டும். அங்கே பெட்ரோல் போவது ஒருபுறம் இருக்கட்டும், பக்கத்தில் வரும் பைக்காரர் முழங்காலில் படும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி, அனுமதித்த அளவைத் தாண்டிப் பக்கவாட்டில் சுமை நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம். முன் சக்கரத்தைக் கழற்றிவிட்டால் நீளம் ஒன்றரை மீட்டர் அளவுக்கு வந்துவிடும்.

1. கேரியர் உங்கள் மாடலுக்குப் பொருந்துமா என்று அதன் பட்டியலில் பாருங்கள். பின்கதவின் மேல் பிளாஸ்டிக் ஸ்பாய்லர் இருந்தால் கொக்கிகள் அதில் மாட்டக்கூடாது, உலோக விளிம்பில்தான் மாட்ட வேண்டும். கண்ணாடி விளிம்பில் மாட்டுவதும் கூடாது.
2. கொக்கி உட்காரும் இடத்தையும் கேரியரின் பஞ்சு படும் இடத்தையும் துடையுங்கள். மணல் இருந்தால் பெயிண்ட் போய்விடும்.
3. மேல் பட்டைகளை முதலில் இறுக்குங்கள், பிறகு கீழ், கடைசியில் பக்கம். மாற்றிச் செய்தால் கேரியர் சரிந்து உட்காரும்.
4. கனமான சைக்கிள் காரை ஒட்டியும், லேசானது வெளியேயும். இரண்டாவதைத் தலைமாற்றி மாட்டுங்கள்.
5. டயர் எதுவும் சைலன்சர் வாய்க்கு நேரே இருக்கக் கூடாது. இரண்டு மணி நேர ஓட்டத்தில் ரப்பர் இளகிவிடும்.
6. சக்கரங்களையும் ஹேண்டிலையும் ஃபிரேமோடு தனியாகக் கட்டுங்கள். சுழலும் சக்கரம் காற்றையும் இழுக்கும், பெயிண்டையும் உரசும்.
7. எட்டடி தள்ளி நின்று பாருங்கள். நம்பர் பிளேட், பிரேக் விளக்கு, இண்டிகேட்டர் மூன்றும் தெரிய வேண்டும். மறைந்தால் இந்த முறை உங்களுக்கு ஆகாது. வேறு கேரியர் பாருங்கள்.
8. முதல் பத்து கிலோமீட்டரில் நிறுத்திப் பட்டைகளை மறுபடி இறுக்குங்கள். அதன் பிறகு ஒவ்வொரு டீ நிறுத்தத்திலும் ஒரு கை வைத்துப் பாருங்கள்.

பின் கதவு கேரியரில் இரண்டு சைக்கிளுக்கு மேல் வேண்டாம். மூன்று தாங்கும் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். கதவின் கீல் அந்தப் பெட்டியைப் படித்ததில்லை.

மேலே வைத்தே ஆக வேண்டுமென்றால்

உங்கள் வண்டியின் கூரை எவ்வளவு எடை தாங்கும் என்பது கையேட்டில் இருக்கும். கேரியரின் எடையும் அதற்குள் அடக்கம். இன்னொன்று: நம் ஊர்க் கார்கள் பலவற்றில் கூரையில் இருக்கும் வெள்ளி நிற ரெயில் வெறும் அலங்காரம். அதில் சுமை ஏற்றலாமா என்று கையேடு தெளிவாகச் சொல்லாவிட்டால் ஏற்றாதீர்கள்.

ஃபோர்க்கைப் பிடிக்கும் வகைக் கேரியர் வாங்கி, முன் சக்கரத்தைக் கழற்றி உள்ளே வையுங்கள். காற்றில் படும் பரப்பும் உயரமும் குறையும். சீட்டை முழுதாக இறக்குங்கள். பாட்டில், பம்ப், விளக்கு, சீட்டுக்கு அடியில் தொங்கும் பை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பாதி வழியில் பறந்துபோகக்கூடியவையும் இவைதான். ஒரே ஒரு சைக்கிள் என்றால் கூரையில் வைக்காதீர்கள், அது பெரும்பாலும் உள்ளே அடங்கும்.

புழுதி படும் என்று சைக்கிளைத் தார்பாயில் சுற்றுவது மிகப் பெரிய தவறு. கம்பிக்கூடு போன்ற சைக்கிளின் ஊடே கொஞ்சமாவது காற்று போய்க்கொண்டிருந்தது. சுற்றியதும் அது பாய்மரமாகிவிடும். மைலேஜும் போகும், கேரியரின் பிடியும் தளரும்.

எச்சரிக்கை: காரின் உயரம் ஒன்றரை மீட்டர், சைக்கிள் ஒரு மீட்டருக்கு மேல். மொத்தம் இரண்டரை மீட்டரைத் தாண்டும். அடுக்ககத்தின் தூண் பார்க்கிங், மால்களின் அடித்தளம், ரயில்வே சுரங்கப்பாதையின் உயரத் தடுப்பு, தாழ்ந்த மரக்கிளை எல்லாமே இனி உங்கள் எதிரி. எண்ணூறு கிலோமீட்டர் பத்திரமாக ஓட்டிவிட்டு, தூக்கக் கலக்கத்தில் சொந்த வீட்டு பார்க்கிங்கில் நுழையும்போதுதான் இது நடக்கும். எனக்கு நடந்தது. ஃபோர்க் வளைந்ததோடு கூரையிலும் பள்ளம். மிச்சம் பிடித்த பெட்ரோல் எத்தனை வருடம் சேர்த்தாலும் அந்தச் செலவுக்கு ஈடாகாது. "மேலே சைக்கிள்" என்று எழுதி ஸ்டியரிங் நடுவில் ஒட்டிவிடுங்கள்.

புறப்படும் காலையில்

டயர் காற்றை வண்டி ஓடுவதற்கு முன், குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில் இரண்டு எண் வரிசை இருந்தால், ஆளும் சுமையும் நிறைந்த வண்டிக்குரியதைப் பிடியுங்கள். நான்கு டயரிலும் ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் 0.2 சதவீதம் மைலேஜ் குறையும். ஐந்து குறைந்திருந்தால் ஒரு சதவீதம், அதாவது உங்கள் இரண்டு சைக்கிளின் எடைக்குச் சமம். நைட்ரஜனா சாதாரணக் காற்றா என்பதில் மைலேஜ் இல்லை, அளவில்தான் இருக்கிறது.

டிக்கியில் ஆறு மாதமாகக் கிடக்கும் பொருள்களை இறக்குங்கள். நீலகிரிக்குப் போகிறவர்கள் இ-பாஸை முன்னாலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 2024 மே மாதத்திலிருந்து அது தேவைப்படுகிறது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கல்லாறு, குஞ்சப்பனை சோதனைச் சாவடிகளில் எஞ்சினை ஓடவிட்டபடி பாஸ் தேடுவதும் பெட்ரோல்தான்.

சாலையில்

வேகம். மேலே கட்டியிருந்தால் 80. பின்னால் என்றால் 80 முதல் 90. உள்ளே என்றால் 90-இல் நிம்மதியாகப் போகலாம். 500 கிலோமீட்டரை 100-இல் ஓட்டுவதற்கும் 80-இல் ஓட்டுவதற்கும் தாளில் ஒன்றேகால் மணி நேர வித்தியாசம். சுங்கச்சாவடி, சேலத்துப் போக்குவரத்து, டிபன் எல்லாம் போக நடைமுறையில் அதைவிடக் குறையும். டாப் கியரில், ஒரே சீரான வேகம். முன்னால் லாரி தெரிந்ததும் காலை எடுத்துவிட்டால் பிரேக்கே வேண்டியிருக்காது. மிதித்து, பிரேக் அடித்து, மறுபடி மிதிப்பதில் போகும் பெட்ரோல் சைக்கிளால் போவதைவிட அதிகமாகவே இருக்கும்.

லாரியின் பின்னால் ஒட்டிக்கொண்டு போனால் காற்று குறையும் என்று ஒரு யோசனை சுற்றுகிறது. குறையும்தான். லாரி பிரேக் அடித்தால் நீங்களும் குறைந்துவிடுவீர்கள். செய்யாதீர்கள்.

ஆடிக் காற்று. தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று பல்லடம், உடுமலை, பொள்ளாச்சிப் பக்கம் எப்படி அடிக்கும் என்பதற்கு அங்கே நிற்கும் காற்றாலைகளே சாட்சி. கோவையை நோக்கிப் போகும்போது அது எதிர்க்காற்று. நீங்கள் 80-இல் போக, எதிரே 20-இல் காற்று வந்தால் சைக்கிளுக்கு அது 100 கி.மீ. வேகம்தான். கூரையில் கட்டியவர்கள் இந்தப் பகுதியில் 65–70-க்கு இறங்கிவிடுவது நல்லது. பல்லடம்-உடுமலை சாலை போலக் காற்று குறுக்கே அடிக்கும் இடங்களிலும், தெற்கே ஆரல்வாய்மொழியிலும் பெட்ரோலைவிடப் பாதுகாப்பே முக்கியம். லாரியைக் கடந்து அதன் மறைவிலிருந்து வெளிவரும் நொடியில் வண்டி பக்கவாட்டில் இழுபடும். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கட்டும். திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் தள்ளும்; அன்றைய மைலேஜைப் பார்த்து வண்டி சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள்.

ஏற்றம். மலைப்பாதையில் 30–40 வேகத்தில் காற்று ஒரு பொருட்டே இல்லை. அதனால் இங்கே சைக்கிள் எங்கே இருக்கிறது என்பது மைலேஜை ஏறக்குறைய பாதிக்காது. கியர் பாதிக்கும். எஞ்சின் திணறத் திணற மூன்றாவதில் இழுப்பதைவிட இரண்டாவதற்கு மாற்றுவதே சிக்கனம். மேட்டுப்பாளையம் - குன்னூர் பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும், வால்பாறையின் 40-இலும், கொல்லிமலையின் 70-இலும் இதே விதி: வளைவுக்குள் நுழையும் முன்பே கியரைக் குறையுங்கள், நடுவில் மாற்றாதீர்கள். பின்னால் சைக்கிள் தொங்கினால் வண்டியின் வால் நீண்டுவிட்டது என்பதை நினைவில் வைத்து, தடுப்புச் சுவரைவிட்டு விலகித் திருப்புங்கள்.

இறக்கம். இங்கேதான் கஞ்சத்தனம் ஆளைக் கொல்லும். நியூட்ரலில் உருட்டினால் பெட்ரோல் மிச்சம் என்பது பழைய கார்புரேட்டர் காலத்து நம்பிக்கை. இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியர் போட்டு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே எஞ்சினைச் சுற்றும். எரிபொருள் முழுதாக நின்றுவிடும். நியூட்ரலிலோ எஞ்சின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் குடித்துக்கொண்டே இருக்கும். அதாவது நியூட்ரலில் செலவும் அதிகம், எஞ்சின் பிடியும் கிடையாது. ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை ஐம்பது கிலோமீட்டர் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும்.

1. ஏறும்போது எந்த கியர் தேவைப்பட்டதோ, அதே கியரில் இறங்குங்கள். பெரும்பாலும் இரண்டு.
2. ஆட்டோமேட்டிக் என்றால் மேனுவல் நிலைக்கோ, குறைந்த கியர் நிலைக்கோ மாற்றுங்கள்.
3. பிரேக்கை அழுத்தி விடுங்கள். மேலேயே காலை வைத்துக்கொண்டு வராதீர்கள்.
4. கருகிய வாடை வந்தால் ஓரம் கட்டி இருபது நிமிடம் ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.
5. ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள். அதுதான் விதியும்.

கேட்கப்படும் இரண்டு கேள்விகள்

ஏ.சி.யா, ஜன்னலா? நெடுஞ்சாலையில் ஜன்னலைச் சாத்தி ஏ.சி. போடுங்கள். மலையில் ஏ.சி.யை அணைத்து ஜன்னலைத் திறவுங்கள். ஏறும்போது எஞ்சினுக்கு அது நிஜமான உதவி, அந்தக் காற்றை விட்டு ஏ.சி. போடுவதும் பாவம்.

மின்சாரக் கார் வைத்திருக்கிறேன், எனக்கும் இதெல்லாம் பொருந்துமா? காற்று உங்களையும் விடாது. கூரையில் கட்டினால் ரேஞ்ச் அதே போலச் சரியும். அடுத்த சார்ஜிங் இடத்துக்கான கணக்கைக் கால் பங்கு குறைத்தே போடுங்கள். இறக்கத்தில் மட்டும் உங்களுக்குக் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும்.

திரும்பி வந்ததும்

சைக்கிளை இறக்கிய அன்றே கேரியரையும் கழற்றுங்கள். "அடுத்த மாசம் மறுபடி போவோமே" என்று விட்டால் அது தீபாவளி வரை கூரையில் நிற்கும். வெறும் குறுக்குக் கம்பிகளும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும். நெடுஞ்சாலையில் மேலிருந்து விசில் சத்தம் கேட்கிறதென்றால் அது உங்கள் பெட்ரோல்தான்.

கழற்றி முடித்ததும்:

1. பட்டைகளில் நூல் பிரிந்திருக்கிறதா பாருங்கள். பிரிந்த பட்டையை முடிச்சுப் போட்டு ஓட்டாமல் புதிதாக வாங்குங்கள்.
2. போல்ட், நட்டு, ஆலன் கீ எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டு, டப்பாவை கேரியரோடு கட்டிவையுங்கள்.
3. டயரில் சுமைக்காக ஏற்றிய கூடுதல் காற்றைச் சாதாரண அளவுக்குக் குறையுங்கள்.
4. ஸ்டியரிங்கில் ஒட்டிய "மேலே சைக்கிள்" தாளை எடுத்து அதே டப்பாவில் போடுங்கள். அடுத்த முறை தேட வேண்டியிருக்காது.